கைதட்டினா மட்டும் பறந்துடாது



இந்தத் தடவை நெல், கரும்பு, மழை எதுவும் இல்லை. வீட்டிலேயே செய்யுற சின்ன விமானம் பத்தி எழுதப் போறேன். கழனியில சேறு மிதிக்கிற ஆளுக்கு விமானம் எதுக்குன்னு நீங்க கேட்கலாம். திருத்தணிப் பக்கம் வந்து பார்த்தா அப்படிக் கேட்க மாட்டீங்க. எங்க ஊர்லேர்ந்து 15 கிலோமீட்டர் சுற்றளவுல அரக்கோணம். அங்கே கடற்படையோட ராஜாளி விமானத்தளம் 1992-லேர்ந்து இருக்கு. கடலே இல்லாத ஊர்ல கடற்படை! முன்னாடி டியூ-142-ன்னு ரஷ்ய விமானம் ஒண்ணு இருந்தது. நாலு என்ஜின், ஒவ்வொரு என்ஜினுக்கும் ரெண்டு புரொப்பெல்லர், எதிரெதிரா சுத்தும். அது தலைக்கு மேல போனா பேச்சை நிறுத்திட்டுக் காத்திருக்கணும். 2017-ல அதுக்கு ஓய்வு கொடுத்துட்டாங்க. இப்போ பி-8ஐ பறக்குது. ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுறவங்களும் அங்கேதான் பழகுறாங்க. நாத்து நடுற பெண்கள்கூட சத்தத்தை வெச்சே பெரிசா, சின்னதா, ஹெலிகாப்டரான்னு சொல்லிடுவாங்க.

இப்படித் தினமும் அண்ணாந்து பார்த்து வளர்ற பசங்கள்ல யாராவது ஒருத்தன் நாமளே ஒண்ணு செஞ்சா என்னன்னு நினைக்கத்தான் செய்வான். நினைச்சும் இருக்கான்.

பக்கத்து கிராமத்துல வெல்டிங் பட்டறை வெச்சிருக்கிற பையன். பேர் வேண்டாம். அவன் கை வெச்சா எந்த டிரெய்லரும் நேராயிடும். அவன் ராத்திரியில உட்கார்ந்து குழாயில ஒரு கூண்டு செஞ்சிருக்கான். பழைய பைக் என்ஜின் ஒண்ணை அதுல ஏத்தியிருக்கான். மரத்துல ஆசாரியை வெச்சு ஒரு புரொப்பெல்லர் செதுக்கியிருக்கான். முதுகுல கூண்டு, தலைக்கு மேல பாராசூட் மாதிரி துணி, இதான் திட்டம். அறுப்பு முடிஞ்சதும் வந்து, "மாமா, உங்க கழனியைக் காலையில ஒரு மணி நேரம் கொடுங்க, ஓடிப் பார்க்கிறேன்"னு கேட்டான்.

நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். கடற்படைத் தளம் இவ்வளவு பக்கத்துல இருக்கிற வானத்துல ஒரு ட்ரோன் விடவே அனுமதி தேடணும், ஆள் பறக்கிறதைப் பத்திக் கேட்கவே வேண்டாம். அதைவிடப் பெரிய காரணம், விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள்கூட அந்தக் கூண்டைக் கையால தொட்டுப் பார்த்ததில்லை. ஆனா நான் முடியாதுன்னு சொன்ன பிறகு, "அப்போ எங்கே போகட்டும்?"னு அவன் கேட்டான் பாருங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவன் விடப் போறதில்லை. ஏதாவது ஒரு வறண்ட ஏரியில, யாருக்கும் தெரியாம, விடியற்காலையில ஓடிப் பார்ப்பான். அந்தப் பயத்துலதான் இதை எழுதுறேன்.

சும்மா பயப்படலை. 2021 ஆகஸ்ட்ல மகாராஷ்டிரத்துல யவத்மால் மாவட்டம், புல்சாவங்கிங்கிற கிராமத்துல ஒரு வெல்டிங் பையன், 24 வயசு, எட்டாவதோட படிப்பை விட்டவன், சொந்தமா ஹெலிகாப்டர் செஞ்சான். தரையில வெச்சே ஓட்டிப் பார்க்கும்போது விசிறி உடைஞ்சு அவன்மேலயே அடிச்சு செத்துப் போயிட்டான். பறக்கக்கூட இல்லை. அன்னைக்கு அந்த வீடியோ ஊரெல்லாம் சுத்திச்சு. பாவம்னாங்க, மேதைன்னாங்க, அடுத்த வாரம் மறந்துட்டாங்க.

இதுக்கு நேர்மாறா ஒரு கதை நம்ம தமிழ்நாட்டுலயே நடந்திருக்கு. கேரளாவுல இடுக்கி மாவட்டத்துக்காரர் சஜி தாமஸ். பிறவியிலேர்ந்தே காது கேட்காது, வாய் பேச வராது. படிப்பு ஏழாவது வரைக்கும்தான். சின்ன வயசுல ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்ததுலேர்ந்து ஆசை. வருஷக்கணக்கா உழைச்சு ரெண்டு பேர் உட்கார்ற சின்ன விமானம் ஒண்ணைச் செஞ்சார். அது 2014-ல திருநெல்வேலி மாவட்டத்துல, அம்பாசமுத்திரம் பக்கத்துல பறந்தது. ஓட்டிப் பார்த்தவர் விமானப்படையில இருந்து ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி. பின்னாடி மலையாளத்துல இவர் கதையை வெச்சு 2017-ல சினிமாவே வந்தது.

ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் பட்டறை ஆளுங்க. ரெண்டு பேருக்கும் பெரிய படிப்பு இல்லை, பணமும் இல்லை. சஜி விமானமும் மத்தவன் ஹெலிகாப்டரும் எடுத்தாங்கங்கிறது ஒரு வித்தியாசம்தான், ஹெலிகாப்டர் இன்னும் கஷ்டம். ஆனா பெரிய வித்தியாசம், ஒருத்தருக்கு விஷயம் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் கிடைச்சார், பறக்க ஒரு இடமும் கிடைச்சது. இன்னொருத்தனுக்கு ரெண்டும் கிடைக்கலை. கிராமத்துப் பையனுக்கு மூளை இருக்கா இல்லையான்னு விவாதம் நடத்துறதை விட்டுட்டு, பெரியவரும் இடமும் எங்கேன்னு தேடணுங்கிறதுதான் என் கட்சி.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. 1910 மார்ச்ல, அதாவது ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகாதப்போ, மெட்ராஸ்ல ஒருத்தர் சொந்தமா விமானம் செஞ்சு பறந்து காட்டியிருக்கார். ஜாக்கோமோ டி’ஏஞ்சலிஸ், கோர்சிகாத் தீவுக்காரர், மவுண்ட் ரோட்டுல ஓட்டல் நடத்தினவர். வரைபடம் அவரோடது. செஞ்சு கொடுத்தது குதிரை வண்டி கட்டிக்கிட்டிருந்த சிம்சன் கம்பெனி. பல்லாவரத்துல ஓட்டிப் பார்த்துட்டு, தீவுத்திடல்ல டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். அலகாபாத்ல 1911 பிப்ரவரியில தபால் மூட்டையோட பறந்த விமானத்தைப் பாடப் புத்தகத்துல படிக்கிறோம். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி சென்னையில ஒரு ஓட்டல்காரர் பறந்தது நிறைய பேருக்குத் தெரியாது. அந்த சிம்சன் பேர் எங்களுக்கு வேற வகையில பழக்கம். எங்க ஊர்ல ஓடுற டாஃபே டிராக்டருக்குள்ள இருக்கிறது சிம்சன் என்ஜின். வண்டி கட்டின கையே விமானம் கட்டியிருக்கு, பிறகு டிராக்டருக்கு என்ஜினும் கட்டியிருக்கு.

அதுக்காக வண்டி கட்டுற மாதிரியே விமானமும் கட்டிடலாம்னு நான் சொல்லலை. இங்கேதான் நம்ம பசங்க ஏமாந்து போறாங்க. நான் புரிஞ்சிக்கிட்ட வரைக்கும் சொல்றேன்.

முதல்ல பாரம். மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். முன்பாரம் ஏறினா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினா நுகத்தடி மேல தூக்கிக்கும். விமானத்துலயும் இதேதான். முன்பாரம் அளவுக்கு மீறினா மூக்கைத் தூக்க முடியாது. பின்பாரம் மீறினா மூக்கு தானே தூக்கிக்கும், வேகம் குறையும், ஒரு கட்டத்துக்குக் கீழே வேகம் போனா இறக்கை தாங்கறதை நிறுத்திடும். வண்டின்னா இறங்கி மூட்டையை நகர்த்தி வைக்கலாம். மேல போனதுக்கப்புறம் யார் நகர்த்துறது? அதனாலதான் விமானம் செஞ்சு முடிச்சதும் ஒவ்வொரு சக்கரத்தையும் தராசுல ஏத்தி எடை போட்டு, பாரம் எங்கே விழுதுன்னு கணக்கு எழுதி வைக்கிறாங்க.

அடுத்தது அதிர்வு. நெல் அடிக்கிற மெஷின்ல ரெண்டு மணி நேரம் ஓடினா நாலு நட்டு கழண்டு கீழே கிடக்கும். நாம என்ன செய்வோம்? கம்பி போட்டுக் கட்டி ஓட்டுவோம். வேடிக்கை என்னன்னா விமானத்துலயும் கம்பி போட்டுத்தான் கட்டுறாங்க. ஆனா அவங்க கட்டுற முறை வேற. போல்ட் தலையில துளை இருக்கும், அதுக்குள்ள துருப்பிடிக்காத கம்பியை விட்டு முறுக்கி, போல்ட் கழலப் பார்த்தா கம்பி அதை இறுக்குற பக்கமா இழுக்குற மாதிரி கட்டுவாங்க. நம்ம கம்பி கழண்டு போன பிறகு போடுறது, அவங்க கம்பி கழலவே கூடாதுன்னு போடுறது. பட்டறைப் பையனுக்கு இதை யாராவது உட்கார வெச்சுக் காட்டினா ஒரு நாள்ல கத்துப்பான். காட்டத்தான் ஆள் இல்லை.

மூணாவது எண்ணெய். டீசல் பம்புசெட்டு டேங்குல அடியில தண்ணி தங்கும், அதைத் திறந்து விட்டுட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவோம். சின்ன விமானத்துலயும் ஒவ்வொரு நாளும் பறக்கிறதுக்கு முன்னாடி டேங்கோட அடியில இருந்து கொஞ்சம் பிடிச்சுத் தண்ணி இருக்கான்னு பார்க்கணும். இதுல இப்போ ஒரு புதுச் சிக்கல். உலகம் பூரா சின்ன விமானங்கள்ல நிறைய ஓடுறது ஆஸ்திரியாக்காரங்களோட ரோட்டாக்ஸ் 912 என்ஜின். சாதா பெட்ரோல்லயே ஓடும். ஆனா எத்தனால் 10 சதவீதம் வரைக்கும்தான் கலந்திருக்கலாம்னு கம்பெனி சொல்லுது. நம்ம பங்க்ல இப்போ வர்றது 20 சதவீதம் கலந்தது. எத்தனால் தண்ணியை இழுக்கும். அந்த எத்தனால் கரும்புலேர்ந்தும் சோளத்துலேர்ந்தும் வருது. திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புற எங்களுக்கு எத்தனால் நல்ல செய்திதான். ஆனா சும்மா பங்க்ல நிரப்பிக்கிட்டு மேல ஏறுற பையனுக்கு இதை யார் சொல்றது?

செய்யுறது ஒரு பங்குன்னா பராமரிக்கிறது மூணு பங்கு. டிராக்டர் நின்னா வரப்புல உட்கார்ந்து டீ குடிச்சிட்டு நகரியிலேர்ந்து மெக்கானிக் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். அந்த வசதி மேல இல்லை. அதனால ஒவ்வொரு மணி நேரமும் புத்தகத்துல எழுதி, வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்கணும். நம்ம ஆளுங்களுக்குச் செய்யத் தெரியும், எழுதத்தான் கை வராது. பழகணும்.

இதெல்லாம் பெரிய நாட்டுக்காரங்களுக்கும் பிறவியிலேயே தெரிஞ்சது இல்லை. அவங்களும் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. பிரான்ஸ்ல ஹென்றி மின்யேன்னு ஒருத்தர் 1933-ல ஒரு குட்டி விமானம் செஞ்சு, மறு வருஷம் எல்லாரும் வீட்டுலயே செஞ்சுக்குங்கன்னு புத்தகமே போட்டார். வானத்துப் பேன்னு அர்த்தம் வர்ற பேர் அதுக்கு. பிரான்ஸ்லயும் இங்கிலாந்துலயும் ஜனங்க விழுந்து விழுந்து செஞ்சாங்க. அடுத்தடுத்து விபத்து, சாவு. பிறகு பெரிய காத்துக் குகையில வெச்சு சோதிச்சுப் பார்த்தப்போதான் தெரிஞ்சது, மூக்கு கீழே போற நிலையில முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒண்ணை ஒண்ணு கெடுத்து, மேல தூக்கவே முடியாத மாதிரி ஆக்குதுன்னு. செஞ்சவங்க கெட்டிக்காரங்கதான். ஆனா அந்தத் தப்பு எந்தப் பட்டறையிலயும் கண்ணுக்குத் தெரியாது.

அதுக்குப் பிறகு அவங்க என்ன செஞ்சாங்கங்கிறதுதான் முக்கியம். 1946-ல இங்கிலாந்துல இந்த ஆசை உள்ளவங்க சங்கம் வெச்சாங்க. இன்னைக்கும் அந்தச் சங்கத்தோட பரிசோதகர் உங்க கொட்டகைக்கே வந்து ஒவ்வொரு கட்டமா பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இறக்கையை மூடுறதுக்கு முன்னாடி உள்ளே பார்ப்பார். அமெரிக்காவுல 1953-ல பால் போபெரஸ்னிங்கிறவர் தொடங்கின சங்கம் இன்னைக்கு ஆஷ்கோஷ்ல வருஷா வருஷம் நம்ம ஆடிக் கிருத்திகை மாதிரி கூட்டம் சேர்க்குது. அங்கே சட்டம் எளிசு. விமானத்துல பெரும்பங்கை நீயே செஞ்சிருக்கணும். முதல் 25 அல்லது 40 மணி நேரம் ஜனங்க நெருக்கமா இல்லாத இடத்துலதான் பறக்கணும். வாடகைக்கு ஆள் ஏத்தக் கூடாது. இது சோதனை விமானம்னு எழுதி ஒட்டணும். செஞ்சவனே வருஷாந்திரப் பரிசோதனை பண்ண உரிமம் வாங்கலாம். வேன்ஸ்ங்கிற ஒரே கம்பெனியோட வரைபடத்துலயும் சாமான்லயும் மட்டும் 10,000-க்கு மேல விமானங்களை ஜனங்க வீட்டுலயே செஞ்சு பறந்திருக்காங்க.

ஆலப்புழைக்காரர் அசோக் தாமராட்சன் லண்டன் பக்கம் வேலை பார்த்துக்கிட்டு, கொரோனா ஊரடங்குல தென்னாப்பிரிக்காவோட ஸ்லிங் கம்பெனி சாமான்களை வாங்கி வீட்டுலயே நாலு பேர் உட்கார்ற விமானம் கட்டினார். 2022-ல குடும்பத்தோட பறந்தார். சின்னப் பொண்ணு தியா பேரையே வெச்சார். கோடி ரூபாய்க்கு மேல செலவு, அது வேற விஷயம். ஆனா முறைன்னு ஒண்ணு அங்கே இருந்தது. இங்கே மும்பையில அமோல் யாதவ், அவர் தொழிலே விமானம் ஓட்டுறது. அடுக்குமாடி மொட்டை மாடியில ஆறு பேர் உட்கார்ற விமானம் கட்டி, 2016-ல மும்பையில நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில வெச்சார். பதிவு எண் கிடைச்சது 2017 நவம்பர்ல. பறந்து பார்க்க அனுமதி 2019-ல. விமானம் ஓட்டத் தெரிஞ்ச, பெரிய இடம் வரைக்கும் போய்ப் பேசத் தெரிஞ்ச ஆளுக்கே இத்தனை வருஷம்னா, வெல்டிங் பட்டறைப் பையன் எந்தக் கதவைத் தட்டுவான்?

அரசாங்கத்தால முடியாதுன்னும் சொல்ல முடியாது. ட்ரோனுக்கு 2021 ஆகஸ்ட்ல புது விதி போட்டாங்க. முன்னாடி 25 படிவம் இருந்ததை 5 ஆக்கினாங்க. 72 வகைக் கட்டணத்தை 4 ஆக்கினாங்க. வரைபடத்துல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சுக் காட்டிட்டாங்க. அதுக்கப்புறம்தான் எங்க கழனிப் பக்கமெல்லாம் ட்ரோன் மருந்தடிக்க வந்தது. அதே மனசு இதுக்கும் வேணும்.

என் யோசனை பெரிசா ஒண்ணும் இல்லை. தமிழ்நாட்டுல சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடுன்னு ரெண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளங்கள் இருக்கு. சோழவரத்துல ரொம்ப வருஷம் கார் பந்தயமே நடந்தது. இதுல ஏதாவது ஒண்ணை மாசத்துக்கு ரெண்டு நாள் திறந்து விடுங்க. அன்னைக்கு ஓய்வு பெற்ற விமானப்படை, கடற்படை டெக்னீஷியன் ரெண்டு பேர் உட்காரட்டும். செய்யுறவன் தன் கூண்டை டெம்போவுல ஏத்திக்கிட்டு வரட்டும். பார்த்துட்டு, "இது பறக்காது, பிரிச்சுப் போடு"ன்னு சொன்னாக்கூட அதுவும் ஒரு உயிரைக் காப்பாத்தின மாதிரிதான். "இந்த வெல்டிங் சரி, இந்த புரொப்பெல்லரை எரிச்சிடு"ன்னு சொன்னா அவனுக்கு அது ஒரு வருஷப் படிப்பு.

விவசாயிக்கு விலையே கிடைக்கலை, இதுல விமானம் ஒரு கேடான்னு எங்க ஊர்லயே கேட்கிறாங்க. விலை வேணும்தான், அதை நான் இங்கே எத்தனையோ தடவை எழுதியாச்சு. ஆனா மோட்டாருக்குக் காயில் கட்டுறவன், டிராக்டர் கலப்பையைத் திருத்துறவன், ட்ரோன் விழுந்தா ஒட்டிக் கொடுக்கிறவன், இவங்க எல்லாம் ஒரே கூட்டம். அவன் கையில ஒரு கிராம் எடைக்கும் ஒரு சுத்து நட்டுக்கும் கணக்குப் பார்க்கிற பழக்கம் வந்தா, முதல் லாபம் எங்களுக்குத்தான். விமானம் பறக்காம போனாலும் பம்புசெட்டு நல்லா ஓடும்.

யார் தலையிலாவது விழுந்தா என்ன செய்யுறதுன்னு இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. அதனாலதான் ஊருக்குள்ள வேண்டாம், இடம் கொடுங்கன்னு கேட்கிறேன். இடம் கொடுக்கலைன்னா அவன் ஊருக்குள்ளதான் ஓட்டுவான்.

சீவக சிந்தாமணியில சச்சந்தன் ராஜா தச்சனை வெச்சு மயில்பொறி செஞ்சான்னு எங்க தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கார். செஞ்ச கையோட ராணியை அதுல ஏத்தி அனுப்பிடலை. முதல்ல ஓட்டிப் பழக வெச்சான். ஆபத்து வந்த நாள்ல அதுதான் அவளையும் வயித்துல இருந்த பிள்ளையையும் காப்பாத்துச்சு. கதைதான். ஆனா பழக இடம் கொடுக்கணுங்கிற புத்தி அந்தக் காலத்துக் கதைக்கே இருந்திருக்கு.

இதைப் படிக்கிற சென்னைக்காரங்கள்ல, பெங்களூர்க்காரங்கள்ல, விமானம் சம்பந்தப்பட்ட வேலையில இருந்து ஓய்வு பெற்றவங்க கட்டாயம் இருப்பீங்க. அடுத்த தடவை கிராமத்துப் பையன் ஹெலிகாப்டர் செஞ்சான்னு வீடியோ வந்தா, கைதட்டிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. அந்தப் பையனுக்கு ஒரு போன் போட்டு, "தம்பி, நான் வந்து பார்க்கிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதே"ன்னு சொல்லுங்க. எங்க பட்டறைப் பையனைப் பார்க்க யாராவது வர முடியும்னா ஞாயித்துக்கிழமை வாங்க. மலைக்கோயில் 365 படியும் ஏறி முருகனையும் பார்த்த மாதிரி இருக்கும். மதியச் சாப்பாடு எங்க வீட்டுல.